என் நாய் மருதுவுக்கு கருத்தடை ஆபரேஷன் பண்ணி நாலு வருஷம் ஆச்சு, என் அனுபவம்

போன வாரம் கோயம்புத்தூர்ல இருக்க ஃப்ரெண்ட் ஒருத்தன் போன் பண்ணான். அவன்ட்ட அஞ்சு மாச லேப்ரடார் குட்டி இருக்கு, ஆண். ஆறு மாசம் முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாராம். "நீ மருதுக்கு பண்ணுனியேடா, பண்ணலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னான். முக்கா மணி நேரம் பேசியும் அந்த ஒரு வார்த்தை எனக்கு வரல, அதான் உக்காந்து எழுதுறேன். ஆபரேஷன்னா என்ன, எப்படி பண்ணுவாங்க அதெல்லாம் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும், அதுக்குள்ள நான் போகல. பண்ணுனதுக்கு அப்புறம் வீட்டுல அந்த நாயோட எப்படி இருக்கு, அத மட்டும் சொல்றேன்.

மருது சிப்பிப்பாறை இனம், செவலை. சாத்தூர் பக்கம் எங்க மாமா ஊர்ல 2021 தை மாசம் பொறந்தவன். அந்த ஈத்துல ரெண்டு ஆண் குட்டி, ஒண்ணு என்கூட மதுரைக்கு வந்துச்சு, இன்னொண்ணு ராசு, மாமா வீட்டுலயே நின்னுட்டான். மருதுக்கு ஏழு மாசத்துல, அந்த வருஷம் ஆகஸ்ட்ல ஆபரேஷன் பண்ணேன். ராசுவுக்கு இன்னைக்கு வரைக்கும் பண்ணல. ஒரே தாய் ஒரே தகப்பன், ஒருத்தனுக்கு பண்ணியாச்சு ஒருத்தனுக்கு பண்ணல, அதனால எனக்கு பக்கத்துல வச்சு பாக்க ஒரு வாய்ப்பு கெடைச்சது, அது எல்லாருக்கும் கெடைக்காது.

ஏன் அவ்ளோ சீக்கிரம் பண்ணேன்னா, ஆறரை மாசத்துல மருது ஒரு ராத்திரி காம்பவுண்டு சுவர தாண்டி போயிட்டான். அஞ்சடி சுவரு. விடிய விடிய நானும் அப்பாவும் வண்டிய எடுத்துட்டு பைபாஸ் ரோடு வரைக்கும் தேடுனோம், ரோட்டோரம் ஏதாவது கெடந்தா கூட லைட்ட அடிச்சு பாத்து நெஞ்சு அடைச்சுப் போயிரும். மறுநாள் பத்து மணிக்கு காது கிழிஞ்சு அவனா வந்து கேட்டு முன்னாடி நின்னான். அன்னைக்கே ஒரு கிளினிக் கூட்டிட்டுப் போனேன், காதுக்கு மருந்து போட்டுட்டே அந்த டாக்டர் "ஆறு மாசம் ஆயிருச்சுல்ல, பண்ணிருங்க, சாதுவா ஆயிருவான்"னு சொன்னாரு. அந்த "சாதுவா ஆயிருவான்"ங்கற வார்த்தை மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன்.

மாமாட்ட சொன்னப்ப பெரிய சண்டை. "ஏன் மாப்ள, மாட்டுக்கு காயடிச்சா ஏருக்கு வண்டிக்கு பழகும்னு அடிக்கிறோம், இவன் என்ன வண்டி இழுக்கப் போறானா? நாட்டு நாயே கொஞ்சம்தான் இருக்கு, அதுலயும் இப்படிப் பண்ணா இனம் எப்படி தங்கும்"னு கேட்டாரு. அந்தக் கேள்விய நான் லேசா எடுத்துக்கல. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை எல்லாத்துக்கும் சென்னை சைதாப்பேட்டையில அரசாங்கமே இனப்பெருக்கப் பிரிவு வச்சிருந்துச்சுன்னா காரணம் இல்லாம இல்ல. ஆனா இனம் நிக்கிறது நல்ல ஜோடி பாத்து சேத்து, குட்டிக்கு பொறுப்பா வீடு பாக்குற ஆளுங்களால. மதுரையில தெருவுல சுவர் ஏறிக் குதிச்சு ஓடுற என் நாயால நிக்காது. இத அன்னைக்கும் மாமாட்ட சொன்னேன், இன்னைக்கும் அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல.

ஆபரேஷன் வேற டாக்டர்ட்ட பண்ணேன். சிப்பிப்பாறைய வச்சிருக்கவங்க இத மட்டும் நல்லா கவனிங்க. கிரேஹவுண்ட் மாதிரி ஓட்ட நாய்ங்களுக்கு உடம்புல கொழுப்பே கெடையாது, தயோபென்டோன் மாதிரி மயக்க மருந்த கொடுத்தா கல்லீரல் அத மெதுவாத்தான் கரைக்கும், எந்திரிக்க ரொம்ப நேரம் ஆகும். இவங்களும் அதே உடம்புவாகு. இத நான் கேட்டதும் டாக்டர் முகம் சுளிக்காம, ப்ரோபோஃபோல்னு வேற மயக்க ஊசி போட்டு அப்புறம் கேஸ் மயக்கத்துல வச்சுக்கலாம்னு சொன்னாரு, முன்னாடியே ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணாரு, முடிஞ்சதும் கம்பளி கேட்டு வாங்கி சுத்துனாரு, ஏன்னா இவங்களுக்கு ஒடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போயிரும். மொத்தம் ஆறாயிரத்து ஐநூறு ஆச்சு. சாயங்காலம் வண்டியில என் மடியில கண்ணு பாதி தொறந்து படுத்திருந்தான், நாக்கு ஓரமா வெளிய வந்து காஞ்சு போயி இருந்துச்சு, வழி பூரா வெரல்ல தண்ணி தொட்டு தடவிட்டே வந்தேன்.

தையல நக்காம இருக்க கழுத்துல மாட்டுற கோன் பத்தி ஒண்ணு. கடையில இருக்க சைஸ் எல்லாம் லேப் மாதிரி தலை உள்ள நாய்க்குத்தான். இவனுக்கு கழுத்து தலைய விட தடிமன், மூஞ்சி ஒரு சாண் நீளம், முன்னங்கால ஒரு இழு இழுத்தா கோன் கழண்டுருது, கழட்டாட்டியும் மூக்கு கோனுக்கு வெளிய நீட்டி தையல நக்குது. மூணாவது நாள் விதைப்பை வீங்கி செவந்து போச்சு. அப்புறம் அக்கா பையன் பழைய டிராயர எடுத்து வாலுக்கு ஓட்டை போட்டு மாட்டி விட்டேன், ஐஸ் வச்சு ஒத்தடம் கொடுத்தேன், பத்தாவது நாள் தையல் பிரிக்கறப்ப சுத்தமா ஆறியிருந்துச்சு. உங்களதும் நீள மூஞ்சி நாய்னா முதல் நாளே டிராயர ரெடியா வச்சுக்கங்க.

சரி, நல்லது என்ன? ஓடுறது நின்னுச்சு. உடனே இல்ல, ஒன்றரை ரெண்டு மாசம் ஆச்சு, அந்த முதல் சில வாரத்துக்கு உள்ள விந்து தங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னதால பொட்ட நாய் பக்கம் விடவே இல்ல. அந்த வருஷம் ஐப்பசி கார்த்திகையில எங்க தெருவே ராத்திரி பூரா அலறுது, பத்துப் பதினஞ்சு நாய் ஒரு பொட்டைய சுத்தி கடிச்சுக்கிட்டு கெடக்குது, இவன் வராண்டாவுல காத நிமித்தி ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு திரும்ப சுருண்டு படுத்தான். நாலு வருஷமா எந்த ஐப்பசியிலயும் நான் வண்டிய எடுத்துட்டு பைபாஸ் போகல. இந்த நிம்மதிய எழுத்துல சொல்ல முடியாது, நாய் தொலைஞ்சு தேடுனவங்களுக்குத் தெரியும். பைக் டயர்ல கால தூக்குறது மட்டும் கொறஞ்சதே தவிர நிக்கல, அது பழக்கம் ஆயிருச்சு.

இப்ப நான் நாலு வருஷமா தெனமும் படுற பாடு. பசி.

ஆபரேஷனுக்கு முன்னாடி மருது சாப்பாட்டுல அவ்ளோ ரோஷக்காரன். கம்பங்கூழ்ல தயிர் ஊத்தி வச்சா மோந்து பாத்துட்டு போயிருவான், பாதிய காக்காதான் திங்கும். முட்டை இருந்தாத்தான் தொடுவான். ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசத்துல வேற நாய் ஆயிட்டான். தட்டு வச்சா மூணு நிமிஷத்துல காலி, அப்புறம் தட்ட நக்குவான், நக்க நக்க தட்டு முத்தத்துல நகந்து நகந்து போயி சுவத்துல முட்டி நிக்கும், முட்டுன பெறகும் நக்குவான். அந்த எவர்சில்வர் தட்டு தரையில உரசுற சத்தம் காலைல ஏழு மணிக்கும் ராத்திரி எட்டு மணிக்கும் எங்க வீட்டுல கேக்கும். அம்மா தோசை ஊத்துனா அடுப்படி நெலையில தாடைய தரையோட வச்சு படுத்துக்கிட்டு கரண்டி போற பக்கமெல்லாம் கண்ணு மட்டும் போகும். அம்மாவுக்கு மனசு கேக்காது, ஒரு தோசை. அப்பா காபி குடிக்கறப்ப ரெண்டு ரஸ்க். எட்டு மாசத்துல இருபது கிலோ இருபத்தஞ்சரை ஆச்சு, நான் அவன தூக்கிட்டு வெயிட் மெஷின்ல ஏறி நின்னு பாத்த கணக்கு.

சிப்பிப்பாறைக்கு கடைசி ரெண்டு மூணு விலா எலும்பு தெரியணும், வயிறு உள்வாங்கி வில்லு மாதிரி இருக்கணும், அதுதான் அந்த நாயோட அழகே. அந்த வளைவு மருதுக்கு மறைஞ்சு போச்சு. தெருவுல எல்லாரும் "இப்பத்தான் நல்லா தேறியிருக்கான், முன்னாடி பட்டினி போட்டு வச்சிருந்தீங்க"ன்னு பாராட்டுறாங்க, எனக்கு அத கேக்கறப்பெல்லாம் வயிறு எரியும். விதைய எடுத்து ஹார்மோன் போனதும் உடம்பு செலவழிக்கிறது கொறையுது, பசி கூடுது, அதனால முதல் வாரத்துலயே சாப்பாட்ட கால் பங்கு கொறைச்சிருக்கணும்னு ரெண்டாவது டாக்டர் அப்புறமாத்தான் வெவரமா சொன்னாரு. ஆபரேஷனுக்கு சம்மதம்னு கையெழுத்து வாங்குறப்பவே யாராவது இத சொல்லியிருக்கலாம். இப்ப சுரைக்காயும் வெள்ளரிக்காயும் அவிச்சு சோத்தோட பெசைஞ்சு வயித்த நெரப்பி, தெனம் காலைல அஞ்சு கிலோமீட்டர் நடத்தி, ஒரு வருஷம் போராடி இருபத்திரண்டுக்கு கொண்டு வந்தேன். அதுல நிக்குது. ஆனா எடை கொறஞ்சாலும் பசி கொறையல. அவன் தெனமும் பசியோடதான் இருக்கான்னு எனக்குத் தெரியுது, அது எனக்கு கஷ்டமா இருக்கு.

அடுத்து அந்த "சாதுவா ஆயிருவான்". ஹார்மோனால வர்றது ஓடுறது, மேல ஏறுறது, மூத்திரம் அடிக்கிறது, ஆண் நாய்ங்களோட மல்லுக்கு நிக்கிறது, இதுங்க கொறையும். பயத்தால வர்றது கொறையாது, சில நாய்க்கு கூடவும் செய்யும். மருது தீபாவளி அன்னைக்கு கட்டிலுக்கு அடியில போனா மறுநாள் மதியம்தான் வருவான், புது ஆள் வீட்டுக்குள்ள வந்தா பின்னாடி போயி ஒரு கடி கடிக்கப் பாக்குறான், அதுவும் பயத்துலதான். ராசு அங்க கோயில் கொடைக்கு வேட்டு போட்டா களத்துல நெஞ்ச நிமித்தி நிக்கிறான். ஊர் வேற, வளர்ப்பு வேற, அதனால பழி முழுசையும் ஆபரேஷன் மேல போட மாட்டேன், ஆனா சாதுவாகும்னு நெனச்சு யாரும் பண்ணாதீங்க. அதுக்கு பழக்கணும், வேற வழி இல்ல.

இதெல்லாம் படிச்சுட்டு அப்ப ராசுதான் நல்லா இருக்கானான்னு கேப்பீங்க. போன வருஷம் பங்குனியில மாமா போன் பண்ணாரு, "மாப்ள, ராசுக்கு நுனியில ரத்தம் சொட்டுது, சூடா இருக்கும் போல, இளநி கொடுத்துட்டு இருக்கேன், நிக்க மாட்டேங்குது"ன்னு. எனக்கு பகீர்னு ஆயிருச்சு, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகச் சொன்னேன். தோல பின்னாடி தள்ளிப் பாத்தா காலிஃப்ளவர் மாதிரி கட்டி. TVTன்னு சொல்ற பால்வினைக் கட்டி அது, நாய் சேர்றப்ப புத்துநோய் செல்லே ஒரு நாய்ல இருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டிக்கும், தெருநாய் அதிகமா இருக்க நம்ம ஊர்ல ரொம்ப சாதாரணம். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி, நரம்புல போடணும், ஆறு வாரம். நல்லவேளை அந்த மருந்துக்கு அது கேக்குற கட்டி, ராசு பொழைச்சுட்டான். நான் நாலாவது ஊசிக்கு போயிருந்தேன். மாமா அவன் தலைய கக்கத்துல அணைச்சுப் பிடிச்சிருந்தாரு, ஒரு வார்த்தை பேசல, வெளிய வந்து "மருதுக்கு இது வராதுல்ல"ன்னு மட்டும் கேட்டாரு. வெளிய ஓடி சேராதவனுக்கு எங்க இருந்து வரும். அன்னைக்கு என் ஃப்ரெண்ட் போன் பண்ணியிருந்தா, யோசிக்காத பண்ணுடான்னு ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன்.

ஆனா வயசு விஷயத்துல நான் தப்பு பண்ணிட்டேன். மருதும் ராசுவும் பக்கத்துல நின்னா மருது தோள்கிட்ட ஒன்றரை இஞ்சு ஒசரம். கால் எலும்பு நுனி மூடுறதுக்கு அந்த ஹார்மோனும் வேணும், அது சீக்கிரமே போயிட்டா எலும்பு இன்னும் கொஞ்ச நாள் வளந்துக்கிட்டே போகும். அமெரிக்காவுல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், டேவிஸ்ல 2013ல கோல்டன் ரிட்ரீவர பத்தி ஒரு ஆய்வு வந்துச்சு, ஒரு வயசுக்குள்ள பண்ணுன ஆண் நாய்ல பத்துல ஒண்ணுக்கு இடுப்பு மூட்டுப் பிரச்சினை, பண்ணாததுல இருக்கறத விட ரெண்டு மடங்கு. அதே ஆளுங்க 2020ல 35 இனத்துக்கு பாத்தாங்க, சின்ன நாய்ங்களுக்கு இந்த வித்தியாசம் பெருசா இல்ல, லேப் கோல்டன் மாதிரி பெரிய நாய்ங்க சிலதுக்கு வயசு முக்கியம்னு வந்துச்சு. நம்ம நாட்டு நாய் எதுவும் அந்த 35ல இல்ல. மருதுக்கு மூட்டுல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல, ஆனா எல்லா நாய்க்கும் ஆறு மாசம்னு ஒரே கணக்கு சொல்றது எனக்கு ஒத்துக்கல. கால்ல கொஞ்சம் நொண்டுனா கூட எனக்கு அந்த கிளினிக் ஞாபகம்தான் வருது.

இவ்ளோ நல்லது சொல்லிட்டு, இன்னொரு ஆண் குட்டி வந்தா பண்ணுவியான்னு கேட்டா, இன்னைக்கு நான் மாட்டேன்னுதான் சொல்வேன். காலைல கூட அந்தத் தட்டு சுவத்துல முட்டுற சத்தம் கேட்டுட்டுத்தான் எழுத உக்காந்தேன். சுவர ரெண்டடி ஒசத்திக் கட்டுவேன், ராத்திரி உள்ள போட்டு பூட்டுவேன், ஐப்பசியில நானே கயிறப் பிடிச்சு நடத்துவேன், ரெண்டு வயசு வரைக்கும் கத்தி பக்கம் போக மாட்டேன்.

என் ஃப்ரெண்டுக்கு சொன்னது இதுதான். அடுத்த மாசம் வேணாம்டா, லேப் குட்டி, அதுவும் திங்கிறதுக்குன்னே பொறந்தது, ஒன்றரை வயசு ஆகட்டும். இப்போதைக்கு ரெண்டு விதையும் கீழ எறங்கியிருக்கான்னு மட்டும் தொட்டுப் பாரு, ஒண்ணு வயித்துக்குள்ளயே நின்னுட்டா அதுல கட்டி வர்ற வாய்ப்பு பல மடங்கு, அப்ப கண்டிப்பா எடுத்துத்தான் ஆகணும், எப்பங்கறத மட்டும் டாக்டர்ட்ட பேசு. அப்புறம் உங்க வீட்டு கேட்டு கொக்கி, போன தடவ வந்தப்பவே பாத்தேன், மூக்கால தள்ளுனாலே தொறக்குது. இந்த ஞாயித்துக்கெழமை அத மாத்திரு.