38,000 போனது: “குளுகுளு காட்டேஜ்” என்று நம்பி வயதானவர்களைக் கூட்டிப் போகாதீர்கள்

திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. இன்று காலையும் காட்டேஜை வாடகைக்கு விட்ட அந்த ஆளுக்கு நான்கு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. கோபம் தணிந்த பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். தணிகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் இப்போதே எழுதுகிறேன். புக் செய்யும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

நாங்கள் எட்டுப் பேர், நான்கு தலைமுறை. 81 வயதில் பாட்டி, அப்பா, அம்மா, நான், என் கணவர், எங்கள் மகன், தங்கை, அவளுடைய ஐந்து மாதக் குழந்தை. ஒரு வாரமாக வெப்ப அலை, பகலில் 42 டிகிரி. பாட்டி ராத்திரி தூங்காமல் நடந்துகொண்டே இருந்தார். அவரை இந்த வெயிலிலிருந்து கொஞ்சம் வெளியே கூட்டிப் போகலாம், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் மூன்று நாள் இருக்கலாம் என்றுதான் காட்டேஜ் தேடினேன். வாடகை வீடுகளைக் காட்டும் பெரிய தளம் ஒன்றில் இது கிடைத்தது. மரவீடு, சுற்றிலும் நிழல், “மலைக் குளிர்ச்சி, முழுக்க ஏசி” என்று போட்டிருந்தது.

சும்மா நம்பிவிடவில்லை. வீடியோ காலில் காட்டச் சொன்னேன். உடனே காட்டினார். ஒவ்வொரு அறையாக நடந்தார், ஏசியைப் போட்டுக் காட்டினார், குளியலறையில் கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டதற்கு அதைப் பிடித்து ஆட்டியே காட்டினார். பாட்டி பக்கத்தில் இருந்தார். அவரிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, “பாட்டி, நீங்க வாங்க, எங்க வீட்டுப் பெரியவங்க மாதிரி பாத்துக்கறேன்” என்றார். பாட்டிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்த நிமிடம்தான் நான் விழுந்த நிமிடம். ஏமாற்றுகிறவன் 81 வயதுப் பாட்டியிடம் பேச ஆசைப்படுவானா என்று நினைத்தேன்.

மொத்தம் 38,000. தளத்தின் வழியாக 6,000 மட்டும் கட்டுங்கள், மீதியை என் கணக்குக்கே நேராக அனுப்பினால் அவர்களுடைய கமிஷன் மிச்சம், அதில் உங்களுக்கும் குறைக்கிறேன் என்றார். அந்தக் குறைத்த விலைதான் 38,000. அன்றே 32,000 அனுப்பிவிட்டேன்.

ஐந்து மணி நேரப் பயணத்துக்குப் பிறகு மதியம் மூன்று மணிக்குப் போய் இறங்கினோம். வீடியோவில் பார்த்த வீடு அது இல்லை. கேட்டால், “அது வேற ஆளுக்குப் போயிடுச்சு மேடம், இதுவும் அதே மாதிரிதான்” என்கிறார் சாவி கொடுக்க வந்த பையன். மரம் என்று உள்ளே தெரிந்தது வெறும் பலகை ஒட்டு. மேலே தகரக் கூரை. கூடத்துக்கும் இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே ஒரு ஒரு டன் ஏசி. அதுவும் லோ வோல்டேஜில் கம்ப்ரசர் எடுக்கவில்லை, விசிறி மாதிரி சூடான காற்றைத்தான் தள்ளியது. மேல்தொட்டித் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. மலைக் குளிர்ச்சி என்றாரே, பிறகு வரைபடத்தில் பார்த்தேன்: அந்த இடத்தின் உயரம் 400 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரிதான் குறையும். 400 மீட்டருக்கு மூன்று டிகிரிகூட இல்லை. இதைக் கிளம்பும் முன்பே பார்த்திருக்கலாம்.

குழந்தைக்காகத் தங்கை ஒரு சின்ன அறை வெப்பமானி கொண்டு வந்திருந்தாள். ராத்திரி பத்து மணிக்கு அது 36 காட்டியது. இரவில் அறை 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் ஆலோசனை. நாங்கள் இருந்தது அதைவிட 12 டிகிரி மேலே. ஐந்து மாதக் குழந்தைக்குத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது, பால்தான். தங்கை ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே பால் கொடுத்துக்கொண்டும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டும் இருந்தாள். ஃபிரிட்ஜும் ஓடவில்லை. அப்பாவின் இன்சுலினை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஈரத் துணியில் சுற்றி மண்பானைப் பக்கத்தில் வைத்தோம்.

பாட்டி எதுவுமே கேட்கவில்லை, அதுதான் தவறாகப் போனது. வயதானால் தாகமே சரியாகத் தெரியாது, வியர்வையும் குறைந்துவிடும். ரத்த அழுத்தத்துக்கு அவர் சாப்பிடும் மாத்திரை வேறு உடம்பிலிருந்து நீரை வெளியேற்றும் வகை. பன்னிரண்டு மணிக்கு மேல் தங்கையைப் பார்த்து, என்றோ இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். “ஏம்மா, வீட்டுக்குப் போயிடலாமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடம்பில் நீர் வற்றிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர். விடியும்வரை டிரிப்ஸ். இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. மறுநாள் காலை சாவியைக் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கேட்டேன். “வெயில் அடிச்சா நான் என்ன மேடம் பண்றது?” என்றார். இதே வாயால்தான் பாட்டியிடம் அப்படிப் பேசினார். கரண்ட் பிரச்சினை அரசாங்கத்துடையது என்றார். நீங்களே காலி செய்தீர்கள், அதனால் மூன்று நாள் வாடகையும் வராது என்றார். சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை எடுக்கவில்லை.

தளத்துக்காரர்கள் அவருக்கு மேல். சாட்டில் மூன்று வெவ்வேறு ஆட்கள், மூன்று பேரும் “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்ற ஒரே வரி. 48 மணி நேரம் பொறுங்கள் என்றார்கள், பொறுத்தேன். வந்த பதில்: எங்கள் வழியாகக் கட்டாத பணத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை. சரி, உங்கள் வழியாகக் கட்டிய 6,000? வந்து ஓர் இரவு தங்கிவிட்டதால் அதுவும் கிடையாதாம். ஆஸ்பத்திரிச் சீட்டை அனுப்பினேன், வெப்பமானியின் படத்தை அனுப்பினேன். நேற்று ஒரு மெயில் வந்திருக்கிறது, “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது” என்று. எதைத் தீர்த்தார்கள்? 38,000 இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அந்த விளம்பரம் அதே படங்களோடு இன்றும் அப்படியே இருக்கிறது, போய்ப் பார்த்தேன்.

நிறைய எழுத நினைத்தேன். பாட்டிக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது, சுருக்கமாகச் சொல்கிறேன். தளத்துக்கு வெளியே ஒரு காசும் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. வீடியோ காலில் கதவு எண்ணிலிருந்து கூரைவரை காட்டச் சொல்லுங்கள், இதே வீடுதான் தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். எத்தனை ஏசி, எந்த அறையில், கரண்ட் போனால் எது ஓடும் என்று கேளுங்கள். சாதாரண இன்வெர்ட்டரில் பெரும்பாலும் ஏசி ஓடாது. இடத்தின் உயரத்தை நீங்களே பாருங்கள். பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கிளம்பும் முன் தெரிந்துகொள்ளுங்கள். போய் இறங்கியதும் சரியில்லை என்றால் பெட்டியைப் பிரிக்காமல், அப்போதே படம் எடுத்துப் புகார் செய்துவிட்டுத் திரும்புங்கள். பெரியவர்கள் வெயிலில் பேச்சுக் குழம்பினால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். மூன்று மணிக்கே திரும்பிவிடலாம் என்று அம்மா சொன்னார். கட்டிய 38,000ஐ நினைத்து, கரண்ட் சரியாகிவிடும், இருந்து பார்க்கலாம் என்று சொன்னது நான்தான்.