கோ கேர் போகிறவர்கள் கவனத்துக்கு

கம்போடியா போய்வந்து பத்து நாளாகிறது, இன்னும் கோபம் ஆறவில்லை.

அம்மா ஆசைப்பட்டது கோ கேரைப் பார்க்கத்தான். சியம் ரீப்பிலிருந்து 120 கி.மீ. அளவு தூரம், காட்டுக்குள். 928 முதல் 944 வரை கெமர் பேரரசின் தலைநகராக இருந்த ஊர். மன்னர் நான்காம் ஜெயவர்மன் எழுப்பிய ஏழடுக்குப் பிரமிடைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். அம்மாவுக்கோ அதற்கு அப்பால் உள்ள சிறு கோயில்களில் ஆவுடையாரோடு நிற்கும் பெரிய லிங்கங்கள்தான் முக்கியம்.

சியம் ரீப்பில் ஒரு டூர் ஏஜென்சியில் 160 டாலர் கட்டினேன். பெங் மீலியா என்ற பழைய கோயிலும் கோ கேரும் முழு நாள், லைசென்ஸ் உள்ள கைடு, எல்லா டிக்கெட்டும் அதில் அடக்கம் என்றார்கள். ரசீதில் எழுதியது தொகை மட்டும்.

காலையில் டிரைவர் மட்டும் வந்தார். கைடு எங்கே என்றால், "நானேதான்" என்றார். பெங் மீலியாவுக்கு, அங்கோர் கோயில்களைப் பார்க்க வாங்கும் அங்கோர் பாஸே செல்லும். எங்களிடம் மூன்று நாள் பாஸ் இருப்பது தெரிந்தும் அந்த டிக்கெட்டுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள். தனி டிக்கெட் வேண்டியது கோ கேருக்குத்தான். அதை வாசலில் எங்களையே வாங்கச் சொன்னார் டிரைவர். ஏஜென்சிக்கு நாலு முறை போன் போட்டேன், எடுக்கவில்லை.

பிரமிடில் நாற்பது நிமிடம். லிங்கக் கோயில்களுக்குப் போகலாம் என்றதும், "அந்தப் பக்கம் கண்ணிவெடி" என்று காரைத் திருப்பிவிட்டார். போர்க்காலத்தில் அங்கே கண்ணிவெடி புதைத்தது உண்மை. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு யார் வாதாடுவார்கள்? அம்மா காருக்குள்ளிருந்தே அந்தத் திசை பார்த்துக் கும்பிட்டார்.

வெளியே வரும்போது டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். வரைபடத்தை விரித்து, வளைய வரும் வண்டிச்சாலையைக் காட்டினார். கோயில்கள் அதன் ஓரத்திலேயே இருக்கின்றன, தினமும் ஆட்கள் போகிறார்கள் என்றார். டிரைவரோ நேரமாகிவிட்டது என்று வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

கண்ணிவெடி பயமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் நடந்த தடத்தை விட்டு விலகாதீர்கள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைத் தாண்டாதீர்கள். ஆனால் எந்த இடம் போகலாம் என்பதை உள்ளே நுழையும்போதே கவுன்டரில் கேளுங்கள், டிரைவரிடம் கேட்காதீர்கள். பார்க்க வேண்டிய கோயில்களின் பெயர், கைடு, டிக்கெட் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகு பாதிப் பணம் மட்டும் கொடுங்கள்.

மறுநாள் ஏஜென்சிக்கு நேரில் போனேன். பணம் வாங்கிய ஆள் லீவு என்றார்கள். ஒரு டாலர்கூடத் திரும்பி வரவில்லை.