நாஸ்மில் ஐ-ஸ்ட்ரக்: ஐந்து வருடப் பழக்கம்

உப்புவெளியில் மாமாவின் மீன் வாடிக்கு ஒரு சின்னக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்து ஐந்து வருடமாகிறது. திரையில் காட்டும் பகுதி சி மொழி, மீன் பதிவுகள் இருக்கும் பகுதி அசெம்பிளி, அதாவது கணினியின் கட்டளைகளை நேரடியாக எழுதும் மொழி. அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள்தான் நாஸ்ம் (NASM).

பதிவு இவ்வளவுதான்: வகைக்கு 1 பைட், நிறைக்கு 4, கிலோ விலைக்கு 4. நாஸ்மின் ஸ்ட்ரக் (struc), எண்ட்ஸ்ட்ரக் (endstruc) என்ற இரண்டு வரிக்கும் நடுவில் இதை எழுதினால் மெமரியில் ஒரு பைட்கூட ஒதுங்காது. வகை, நிறை, விலை என்ற ஒவ்வொரு புலமும் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளியிருக்கிறது என்ற எண்ணுக்குப் பெயர் கிடைக்கும், அவ்வளவே. உண்மையான பதிவுக்கு டேட்டா பகுதியில் ஐ-ஸ்ட்ரக் (istruc) என்று தொடங்கி, அட் (at) போட்டுப் புலம் புலமாக மதிப்புக் கொடுத்து, ஐ-எண்ட் (iend) என்று முடிக்க வேண்டும். வெறும் இடம் போதுமென்றால் தொடக்க மதிப்பில்லாத இடத்துக்கான பிஎஸ்எஸ் (.bss) பகுதியில், இடம் ஒதுக்கும் ரெஸ்பி (resb) போட்டு அளவைச் சொன்னால் சரி.

அட் வரிகளில் புலங்களின் வரிசை மாறினால், ஒன்றை இத்தனை தடவை போடு என்று சொல்லும் டைம்ஸ் (times) மதிப்பு மைனஸில் போகிறது என்று பிழை வரும். அட் உள்ளுக்குள் டைம்ஸை வைத்துத்தான் இடைவெளியை நிரப்புகிறது. அந்தப் பிழையை நான் நன்மையாகவே எடுக்கிறேன், உடனே பிடிபட்டுவிடுகிறதே.

சத்தமில்லாமல் வந்ததுதான் என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. 25 கிலோ பாரை, கிலோ 1200 ரூபா என்று பதிந்தேன். திரையில் நிறை 307200! அதை 256ஆல் வகுத்துப் பார்த்தேன், 1200 வந்தது. சி கொம்பைலர் வகைக்குப் பின்னால் 3 பைட் காலியாக விட்டு நிறையை 4ஆம் பைட்டில் தேடியிருக்கிறது. நாஸ்ம் தானாக எதையும் விடாது, நிறை 1ஆம் பைட்டிலேயே இருந்தது. வகைக்குக் கீழே அலைன்பி 4 (alignb 4), அதாவது அடுத்த புலத்தை 4இன் மடங்கில் தொடங்கு, என்று ஒரு வரி சேர்த்தேன். அளவு 9 பைட்டிலிருந்து 12 ஆனது, எல்லாம் நேராகிவிட்டது. சியோடு பேசும் பதிவென்றால் இரண்டு பக்க அளவையும் ஒப்பிடாமல் நான் இப்போது மேலே போவதில்லை.

மைக்ரோசாஃப்டின் அசெம்பிளரான மாஸ்மில் (MASM) கோணக் குறிக்குள் < > மதிப்புகளை வைத்து ஒரு பதிவை ஒரே வரியில் முடிக்கலாம், பல பதிவுகள் கொண்ட அணிக்கு டூப் (DUP) இருக்கிறது. நாஸ்மில் பல பதிவு வேண்டுமென்றால் வரிகளைத் திரும்பத் திரும்பப் போடும் %ரெப்புக்குள் (%rep) போட வேண்டும். இது ஒரு குறைதான்.

"அண்ணா, ஸ்ட்ரக் இல்லாமல், 1 பைட்டுக்கு டிபி (db), 4 பைட்டுக்கு டிடி (dd) என்று வெறுமனே எழுதினால் போதாதா?" என்று என்னிடம் படிக்கும் தம்பி கேட்டான். போன வருடம் மாமா நிறைக்கும் விலைக்கும் நடுவில் ஐஸ் காசு சேர்க்கச் சொன்னார். ஸ்ட்ரக்கில் ஒரு வரிதான் சேர்த்தேன். பழைய பதிவுகளில் கை வைக்கவே இல்லை, அந்த இடத்தில் அட் தானாகவே பூச்சியம் நிரப்பிவிட்டது. சி பக்கத்திலும் அதே ஒரு வரி. அந்த ஃபைலைத்தான் அவனுக்குத் திறந்து காட்டினேன்.