கலீலா திம்னாவா, கலீஃபாவுக்குக் கடிதமா?

அரபியில் அரசர்களுக்குப் புத்தி சொல்லும் இலக்கியத்தைப் படிக்க நினைப்பவர்கள் இப்னுல் முகஃப்பாவிடம்தான் தொடங்க வேண்டும். ஆனால் எந்த நூலில்? பாரசீகக் குடும்பத்தில் பிறந்து அரசாங்க எழுத்தராக வாழ்ந்த இந்த மனிதர், 8-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஒரே வேலையை இரண்டு விதமாகச் செய்திருக்கிறார். ஒன்று ‘கலீலா வ திம்னா’ என்ற விலங்குக் கதை. மற்றது அன்றைய இஸ்லாமியப் பேரரசை ஆண்ட கலீஃபா அல்-மன்சூருக்கு எழுதிய ‘ரிஸாலா ஃபிஸ் ஸஹாபா’ (அரசரின் நெருங்கிய வட்டம் பற்றிய மடல்) என்ற கடிதம். மொழிபெயர்ப்பில்தான் இரண்டையும் படித்தேன், அதனால் அரபி நடையின் அழகைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. இரண்டில் என் ஓட்டு கதைக்கு.

கடிதம் சுற்றி வளைக்காது. பேரரசின் கிழக்கிலிருந்த குராசான் பகுதிப் படையினரிடம் வரி வசூலை ஒப்படைக்கக் கூடாது, அவர்களுக்குச் சம்பளம் நாள் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்கிறது. இராக்கின் ஹீரா நகரில் செல்லும் தீர்ப்பு பக்கத்திலிருக்கும் கூஃபாவில் செல்லவில்லை, ஆகவே கலீஃபாவே எல்லாவற்றையும் பரிசீலித்து ஒரே சட்டத் தொகுப்பாக்க வேண்டும் என்கிறது. துணிச்சலான யோசனைதான், ஆனால் நடக்கவில்லை. சட்ட வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் தாராளமாக இதில் தொடங்கலாம்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். பஞ்சதந்திரத்தின் நரிகளான கரடகனும் தமனகனும் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரபிக்கு வந்து கலீலாவும் திம்னாவும் ஆனார்கள். சிங்கம், எருது, கோள்மூட்டும் நரி எல்லாம் அப்படியே.

நான் இந்தப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: ஆலோசனை சொல்பவன் யார், அவனுக்கு அதில் என்ன லாபம் என்ற கேள்வி. கடிதத்தில், அதை எழுதுபவரைப் பற்றி அது எழுவதே இல்லை. அவர் அரசருக்கு விசுவாசமானவர், அவர் சொல்வது நல்லது, அவ்வளவுதான். கதையிலோ நல்ல ஆலோசகனும் கதை சொல்கிறான், கெட்டவனும் சொல்கிறான். ஆபத்து வருமுன் விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு மூன்று மீன்களின் கதையை நாமெல்லாம் நல்ல பாடமாகத்தான் கேட்டிருக்கிறோம். இங்கே அதைச் சிங்கத்திடம் சொல்வது திம்னா, அப்பாவி எருதைக் கொல்லத் தூண்டுவதற்காக! பாடம் சரி, சொல்கிறவன் சரியில்லை. அரியணையில் இருப்பவனுக்கு இதைவிடத் தேவையான பயிற்சி என்ன இருக்கிறது?

அப்புறம், சமஸ்கிருதத்தில் இல்லாத ஓர் அத்தியாயம் அரபியில் உண்டு: திம்னா மீதான விசாரணை. இப்னுல் முகஃப்பாவே சேர்த்தது என்பது பொதுவான கருத்து. பன்றிகளின் தலைவன் எழுந்து, திம்னாவின் முகமே குற்றவாளி முகம் என்கிறான். திம்னா உடனே அவன் உடம்பிலுள்ள அசிங்கங்களை வரிசையாகச் சொல்லி வாயடைக்கிறான். சாட்சி எங்கே என்று கேட்டுக் கேட்டே நாளைக் கடத்துகிறான். கடைசியில் சிறுத்தை சாட்சி சொல்கிறது. சிறையில் திம்னாவின் பேச்சை ஒட்டுக்கேட்ட இன்னொரு விலங்கும் அதற்குப் பிறகுதான் வாய் திறக்கிறது. ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தாய் என்றால், ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத மாட்டார்களே என்கிறது. சிங்கம் தன் கோபத்தில் எருதைக் கொன்றபோது இந்த நிதானம் எதுவும் இல்லை. நூலின் கைப்பிரதிகள் ஒன்றுக்கொன்று நிறைய மாறுபடுகின்றன, ஆகவே உங்கள் பதிப்பில் சில விவரங்கள் வேறாக இருக்கலாம்.

கடிதம் சின்னதுதான். திம்னாவின் விசாரணையை முடித்த கையோடு அதைப் படித்தால், அரசவையில் ‘ஸஹாபா’ என்ற நெருங்கிய வட்டத்துக்குள் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று இப்னுல் முகஃப்பா எழுதும் பகுதி இன்னும் சுவையாக இருக்கும்.