கணினியோடு வந்த விண்டோஸைத் திரும்ப நிறுவ எந்த வழி நல்லது?

லேப்டாப்போடு வந்த விண்டோஸ் மந்தமாகிவிட்டது, அல்லது பூட் ஆகவே மாட்டேன் என்கிறது. சரி, திரும்ப இன்ஸ்டால் பண்ணிவிடலாம் என்று முடிவெடுத்ததும் பலரும் முதலில் தேடுவது லைசன்ஸ் கீயைத்தான். பில்லில் இல்லை, பெட்டிக்குள் இல்லை, லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியிலும் இல்லை. உடனே புதிதாக ஒரு கீ வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது தேவையே இல்லாத செலவு.

2012-இல் விண்டோஸ் 8 வெளிவந்ததிலிருந்து, தயாரிப்பாளர்கள் அந்த 25 எழுத்து கீயை மதர்போர்டின் பயாஸுக்குள்ளேயே (கணினியை முதலில் எழுப்பும் அடிப்படை மென்பொருள்) எழுதி அனுப்புகிறார்கள். இன்ஸ்டால் செய்யும்போது விண்டோஸே அதைப் படித்துக்கொள்ளும். 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது டிஜிட்டல் லைசன்ஸும் சேர்ந்துகொண்டது. உங்கள் கணினியின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட்டின் சர்வர் குறித்து வைத்துக்கொள்கிறது. திரும்ப இன்ஸ்டால் செய்து இணையத்தில் இணைத்ததும், ‘இது அதே கணினிதான்’ என்று கண்டுகொண்டு ஆக்டிவேட் செய்துவிடும். ஆகவே கீ பற்றிய கவலையை விட்டுவிட்டு, எந்த வழியில் நிறுவுவது என்று யோசிப்பதுதான் முக்கியம்.

மூன்று வழிகள் உண்டு: தயாரிப்பாளரின் ஃபேக்டரி ரெக்கவரி, விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ரீசெட், யுஎஸ்பி பென் டிரைவ் வழியாக க்ளீன் இன்ஸ்டால், அதாவது பழையதை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. என்னைக் கேட்டால், இன்னும் சில ஆண்டுகள் ஓட்டப்போகிற கணினிக்கு க்ளீன் இன்ஸ்டால்தான். இன்று மாலைக்குள் கணினி திரும்ப வேண்டும் என்றால் ரீசெட். ஃபேக்டரி ரெக்கவரியை மிகச் சில இடங்களில் மட்டுமே சொல்வேன்.

ஏன் அப்படி? ஃபேக்டரி ரெக்கவரி கணினியை வாங்கிய முதல் நாளுக்கே கொண்டுபோய்விடும். வன்பொருளை இயக்கும் டிரைவர்கள் எல்லாம் சரியாக இருக்கும், கீ கேட்காது, இணையமும் வேண்டாம். ஆனால் அன்று இருந்த பழைய பதிப்பும், முப்பது நாள் ஆன்டிவைரஸும், யாரும் கேட்காத கேம்களும் சேர்ந்தே திரும்பி வரும். அப்புறம் பல மணி நேரம் அப்டேட். கணினி பழையதென்றால் சிக்கல் இன்னும் பெரிது. விண்டோஸ் 8-உடன் வந்த லேப்டாப்பை நடுவில் 10-க்கு மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தீர்கள் என்றால், இந்த வழி உங்களைத் திரும்பவும் 8-லேயே இறக்கிவிடும். அதன் அடுத்த பதிப்பான 8.1-க்கே 2023 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு புதிய எஸ்எஸ்டி போட்டிருந்தால், இதற்கான ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷனே பெரும்பாலும் இருக்காது. டெல், எச்பி, லெனோவோ போன்றவை பல மாடல்களுக்கு ரெக்கவரி இமேஜை இணையத்தில் தருகின்றன. கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாம். அபூர்வமான டிரைவர்கள் வேண்டிய கணினிகளுக்கு இது நிஜமாகவே உதவும்.

ரீசெட் இதைவிட எளிது. செட்டிங்ஸுக்குள் ரெக்கவரி பகுதியில் ‘ரீசெட் திஸ் பிசி’ என்று இருக்கும். விண்டோஸுக்குள் நுழைய முடியாவிட்டால், லாகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தும் போகலாம். அதற்கும் வழியில்லாமல் தொடர்ந்து பூட் ஆகத் தவறினால், ரெக்கவரி திரை பெரும்பாலும் தானே வரும். உங்கள் ஃபைல்களை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்கும். வைத்துக்கொள்ளச் சொன்னாலும் நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் போய்விடும். போனவற்றின் பட்டியல் மட்டும் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைலாகக் கிடக்கும். அடுத்த கேள்வி, கிளவுட் டவுன்லோடா, லோக்கல் ரீஇன்ஸ்டாலா? 2020-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-லும் 11-லும் இது உண்டு. சுமார் 4 ஜிபி டேட்டா போகும் என்றாலும் நான் கிளவுடைத்தான் சொல்வேன். லோக்கல் என்பது டிஸ்க்கில் இருக்கும் ஃபைல்களை வைத்தே விண்டோஸைக் கட்டுகிறது. அந்த ஃபைல்களே கெட்டுப்போனதால்தானே பல நேரம் நாம் இங்கே வந்து நிற்கிறோம்?

க்ளீன் இன்ஸ்டாலுக்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் விண்டோஸை எழுத வேண்டும். அதில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். அந்த பென் டிரைவிலிருந்து பூட் செய்தால், பயாஸில் கீ உள்ள கணினியில் பெரும்பாலும் கீ கேட்கும் பக்கமே வராது. வந்தாலும் ‘என்னிடம் கீ இல்லை’ என்று கொடுத்துத் தாண்டிவிடலாம். பிறகு எந்த எடிஷன் என்று கேட்டால் மட்டும் கவனம் வேண்டும். ஹோம் இருந்த இடத்தில் ப்ரோ போட்டால் டிஜிட்டல் லைசன்ஸ் ஒத்துவராது. ஹோம் சிங்கிள் லாங்வேஜ் என்பது தனி எடிஷன், அதையும் சாதாரண ஹோமையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அழிப்பதற்கு முன்பே செட்டிங்ஸில் அபவுட் பக்கத்தைத் திறந்து எடிஷனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரை. இங்கேதான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பல புதிய இன்டெல் லேப்டாப்களில் இந்தப் பட்டியல் காலியாகவே வரும். எஸ்எஸ்டி கெட்டுவிட்டதோ என்று தோன்றும், ஆனால் கெட்டிருக்காது. விஎம்டி என்ற சேமிப்பு அமைப்புக்கான டிரைவர் இன்ஸ்டாலரிடம் இல்லை, அவ்வளவுதான். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டராகப் போட்டுவைத்தால், ‘லோட் டிரைவர்’ கொடுத்ததும் டிஸ்க் தெரியும். தெரிந்த பிறகு அதன் பழைய பார்ட்டிஷன்களை அழித்து, மிஞ்சும் காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து மேலே போகலாம். கணினியில் இரண்டு டிஸ்க் இருந்தால் அளவைப் பார்த்து நிதானமாகச் செய்யுங்கள். ரெக்கவரி பார்ட்டிஷனையும் அழித்தால் முதல் வழி அத்தோடு மூடிவிடும்.

வைஃபை டிரைவரையும் அதே பென் டிரைவில் வைத்துக்கொள்வது நல்லது. விண்டோஸ் 11 தொடக்கத்திலேயே இணையம் கேட்கும், வைஃபை பட்டியலோ காலியாக நிற்கும். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் வேலை நடந்துவிடும்.

எந்த வழியானாலும் முதலில் பேக்கப். கூடவே, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரையும் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்த பல புதிய கணினிகளில் டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் எழும்பாத நிலையில் உள்ளே இருக்கும் படங்களை மீட்க 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது பெரும்பாலும் அந்தக் கணக்கின் தளத்தில் இருக்கும், போனில் லாகின் செய்தே பார்க்கலாம். லைசன்ஸ் கீயைத் தேடும் நேரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

அடியில் ஸ்டிக்கர் ஒட்டிய விண்டோஸ் 7 காலத்துக் கணினிகள் வேறு ரகம். கீ காட்டும் மென்பொருளை ஓட்டினால் அவற்றில் வருவது பெரும்பாலும் தயாரிப்பாளர் எல்லாக் கணினிகளிலும் போட்ட பொதுவான கீ. ஸ்டிக்கரில் இருப்பதுதான் உங்களுடையது. ஆனால் 2023 செப்டம்பருக்குப் பிறகு 7, 8 கீகளைக் கொண்டு 10-ஐயோ 11-ஐயோ புதிதாக ஆக்டிவேட் செய்வதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அந்தக் கணினியில் ஏற்கெனவே விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் கவலை இல்லை. கீ போடாமல் 10-ஐ நிறுவுங்கள், டிஜிட்டல் லைசன்ஸ் பார்த்துக்கொள்ளும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணினியோடு வந்த லைசன்ஸ் அந்த மதர்போர்டோடு கட்டப்பட்டது. எஸ்எஸ்டி, ரேம் மாற்றலாம், ஆனால் அதை வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது.

ஹோமோடு வாங்கி, பிறகு காசு கொடுத்து ப்ரோவுக்கு மாறியவர்கள் க்ளீன் இன்ஸ்டால் முடிந்ததும் ஹோமைப் பார்த்துப் பதறுவார்கள். பயாஸில் ஹோம் கீ இருப்பதால் இன்ஸ்டாலர் கேட்காமலே அதைப் போட்டிருக்கும். ப்ரோ எங்கும் போய்விடவில்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போய் ட்ரபிள்ஷூட் கொடுங்கள், டிஜிட்டல் லைசன்ஸைக் கண்டுபிடித்து ப்ரோவுக்கு மாற்றித் தரும்.