ஏலமலைக்குப் பழைய போலேரோவா, புது பிஎஸ்6-ஆ?

போடியிலோ கம்பத்திலோ வண்டிப் பேச்சு எடுத்தால் முதலில் மைலேஜ், அடுத்து பவர். கேரள எல்லை தாண்டி இடுக்கி மலையில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கம் ஏலத் தோட்டத்துக்கு ஏறி இறங்கும் வண்டிக்கு இரண்டுமே பிறகு பார்க்க வேண்டியவை. முதலில் குனிந்து அடியைப் பார்க்க வேண்டும்.

ஒரு பக்கம், 12 முதல் 16 வயதான 2,523 சிசி டிஐ (டீசலை நேரே சிலிண்டரில் பீய்ச்சும்) இன்ஜின் போலேரோ. மறுபக்கம், பிஎஸ்6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கேற்ற 1,493 சிசி இன்ஜின் போட்ட புது போலேரோ அல்லது போலேரோ நியோ. இல்லையென்றால் அதே ரகத்தில் இரண்டு மூன்று வருடம் ஓடிய வண்டி. எங்கள் வீட்டில் பழையதையே வைத்துக்கொள்வது என்று முடிவாகிவிட்டது. ஆகவே எழுத்தும் அந்தப் பக்கம்தான் சாயும், தெரிந்தே படியுங்கள். ஸ்கார்பியோவைச் சேர்க்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் அடங்கி, டீசல் இன்ஜின் 1,500 சிசியைத் தாண்டாத வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அந்த அளவைத் தாண்டிய எஸ்யூவிக்கு 40 சதவீதம். தோட்ட வேலைக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

பணக் கணக்கைச் சுருக்கமாகப் போட்டுவிடலாம். ஷோரூம் விலை 9 லட்சம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான புது வண்டிக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1,17,000 ரூபாய். இது திரும்பி வராத பணம். இன்சூரன்ஸ் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் வருடம் வண்டி மதிப்பு பாதியாகும். நாலரை லட்சத்தை ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 90,000. போலேரோவுக்கு நம் பக்கம் மறுவிற்பனை விலை இதைவிட நன்றாகவே நிற்கும் என்பதால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். லோன் போட்டால் வட்டியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பழைய வண்டி ஒரு வருடத்தில் இந்தத் தொகையைத் தின்ன வேண்டுமானால் இன்ஜின் வேலை, கிளட்ச் செட், நான்கு டயர் மூன்றும் ஒரே வருடத்தில் வர வேண்டும்.

பழையது தோற்கும் இடங்களும் உண்டு. 1,500 சிசிக்கு மேல் என்பதால் மூன்றாம் நபர் காப்பீடு 7,897 ரூபாய். 1,493 சிசி இன்ஜினுக்கு வருடக் கட்டணம் 3,416 தான். இரண்டுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஏசி, மைலேஜ், ஸ்டியரிங் லேசாக இருப்பது எல்லாம் புதிதுக்கே. ஏபிஎஸ், ஏர்பேக் பழையதில் கிடையாது, பனியும் மழையும் சேர்ந்த போடிமெட்டு இறக்கத்தில் ஏபிஎஸ் இல்லாத குறை தெரியத்தான் செய்யும். ஆனால் புதிது என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிட வேண்டாம்: 2024-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் போலேரோ நியோ வாங்கியது ஒரு ஸ்டார்.

இனி சேசிஸ், அதாவது பாடியும் இன்ஜினும் உட்காரும் அடிச்சட்டம். பழையதை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பதற்கு எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான் அளவுகோல். இன்ஜின் புகைந்தால் ரிங், லைனர் மாற்றலாம். டீசல் பம்ப், நாசில் எல்லாம் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டக்கூடியவை. கியர்பாக்ஸ் சத்தம் போட்டால் பேரிங் மாற்றலாம். சேசிஸ் துரு ஏறி மெலிந்தால் அதற்கு மாற்று கிடையாது.

நம் வண்டிகளில் துரு வேகமாக ஏறுவதற்கு மழை மட்டும் காரணமில்லை. பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிறோம். பொட்டாஷ் குளோரைடு உப்பு. வண்டித் தரை விரிப்பின் ஓட்டை வழியாக இறங்கி, பெட்டி போல உள்ளே வெற்றிடமாக இருக்கும் சேசிஸ் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். யூரியாவும் ஈரம் இழுக்கும், ஆனால் இரும்பை அதிகம் அரிப்பது குளோரைடுதான். அடுத்தது, வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பது. போடி மழை மறைவுப் பகுதி. இரவில் இறங்கி வந்துவிடும் வண்டிக்கு அடி காயும். ஜூன் முதல் சாந்தன்பாறையிலேயே கிடக்கும் வண்டிக்கு மாதக்கணக்கில் காயாது. ஒரே வருட மாடல் இரண்டு வண்டிகளை அடுத்தடுத்து லிஃப்டில் ஏற்றிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

எங்கே பார்ப்பது? பின் ஸ்பிரிங் பட்டையின் முன் பிராக்கெட், பின்னால் ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு) மாட்டும் இடம், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளைந்து ஏறும் பகுதி, டீசல் டேங்க்குக்கு மேலே ஒளிந்திருக்கும் குறுக்குச் சட்டம், பாடி ரப்பர் உட்காரும் இடங்கள், ஸ்டெப்னி தொங்கும் பின்முனை. மண்ணைக் கழுவிக் காயவிட்டபின் சின்னச் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று பதில் சொல்லும். அரித்த இடம் மந்தமாகப் ‘பொத்’ என்னும். சந்தேகப்படும் இடத்தில் பழைய ஸ்குரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். மேலே தூளாகக் கொட்டினால் பரவாயில்லை, தேய்த்துப் பெயிண்ட் அடிக்கலாம். செதில் செதிலாகப் பெயர்ந்தாலோ முனை உள்ளே இறங்கினாலோ அந்த இடம் போய்விட்டது. ஓட்டை வழியாக உள்ளே பார்க்க, போனில் மாட்டும் கேமரா ஒயர் ஒன்று போதும்.

குறுக்குச் சட்டமோ பாடி பிராக்கெட்டோ அரித்திருந்தால் வெல்டிங் போடலாம். நீளச் சட்டத்தில் ஸ்பிரிங் பிராக்கெட்டை ஒட்டி அரித்திருந்தால், வண்டியை விட்டுவிடுங்கள். வேறு பகுதியில் சின்ன இடமாக இருந்து ஒட்டுப்போடுவதானால் தகடு சேசிஸ் கனத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். முனைகள் செங்குத்தாக நிற்காமல் சாய்வாக வெட்டியிருக்க வேண்டும். செங்குத்தாகக் குறுக்கே இழுத்த வெல்டிங் கோட்டிலேயே அடுத்த விரிசல் பிறக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, டீசல் டேங்க்கை இறக்கிவிட வேண்டும். அவசரத்தில் பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பெயிண்ட் வேலைக்கு வரிசை இதுதான்: ஒயர் பிரஷ், துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல், துத்தநாகம் கலந்த பிரைமர், மேலே பெயிண்ட், பெட்டிக்குள் மெழுகு ஸ்ப்ரே. துருவின் மேலேயே தார் கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே தெரியாமல் தின்னும். சர்வீஸ் ஸ்டேஷனில் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் பீய்ச்சும் வழக்கமும் வேண்டாம். இரும்பைக் கொஞ்ச நாள் காக்கும், ரப்பர் புஷ் எல்லாவற்றையும் ஊறவைத்துக் கெடுத்துவிடும். இவற்றையெல்லாம்விட மலிவான வேலை ஒன்று உண்டு. உர மூட்டை இறக்கிய அன்றே சேசிஸ் ஓட்டைகளுக்குள் குழாயை வைத்து நல்ல தண்ணீர் விட்டு, அடியில் இருக்கும் வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்தித் திறந்து விடுவது.

சேசிஸ் தேறிவிட்டது என்றால் புது வண்டியை யோசிக்கவைக்கும் அடுத்த விஷயம் டிபிஎஃப். பிஎஸ்6 டீசலின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி அது. கரி நிறைந்ததும் வண்டி தானாகக் கூடுதல் டீசல் செலுத்தி, ஏறக்குறைய 600 டிகிரி வரை சூடேற்றி எரித்துவிடும். இதற்கு 15, 20 நிமிடம் நிற்காத, சீரான ஓட்டம் வேண்டும். தோட்டத்து ரோட்டில் ஒன்றாம் கியர், இரண்டாம் கியர், பாதியில் ஆஃப், மறுபடி ஸ்டார்ட். எரிப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்தால் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஆயிலை உடனே மாற்றுங்கள்.

புது வண்டி வாங்கியே தீருவது என்றால் வாரம் ஒரு தடவை போடி–தேனி ரோட்டில் நான்காம் கியரில், 2,000 ஆர்பிஎம்முக்கு மேல், இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட்டுங்கள். கையேட்டில் சொன்ன, சாம்பல் குறைவான ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள்; கரி எரிந்துபோகும், ஆயில் சாம்பல் எரியாமல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரலில். மலையில் பத்து வருடம் உழைத்த பிஎஸ்6 வண்டி என்று ஒன்று இன்னும் இருக்கவே முடியாது. அதனால் நீண்ட ஓட்டத்தில் இது எப்படி இருக்கும் என்ற தீர்ப்பை நான் தள்ளியே வைக்கிறேன். வாரத்தில் பாதி நாள் மதுரை போய்வரும் வண்டிக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக இருக்காது. அவர்கள் தாராளமாகப் புதிதை வாங்கலாம்.

எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) பற்றிய பயம் தேவைக்கு மேல் பரவிக் கிடக்கிறது. டீசல் வண்டிக்குப் பத்து வருடம்தான் என்பது டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாடு. இங்கே சொந்த உபயோகப் பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25, கட்டணம் 5,000. இருபது வயது தாண்டினால் 10,000. இதற்குமேல் பசுமை வரி. தேதி தாண்டினால் மாதம் 500 தாமதக் கட்டணம் ஏறும். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துரு தின்றுவிடாமல் கிரீஸ் தடவி வையுங்கள். எஃப்சியில் அந்த நம்பர்மேல் தாள் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரின்ட் எடுக்க முடியாவிட்டால் அலைச்சல் அப்புறம்தான் ஆரம்பிக்கும். வெள்ளை போர்டு வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றுபவர்கள், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும் என்பதை மனதில் வையுங்கள். அதில் பழசு புதுசு வித்தியாசமில்லை.

கேரளப் பதிவு வண்டி மலிவாக வருகிறதே என்று குமுளி தாண்டிப் போவோரும் உண்டு. அங்கிருந்து தடையில்லாச் சான்று, லோன் இருந்திருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35, பிறகு இங்கே மறுபதிவு, வயதுக்கேற்ப மறுபடி ஆயுள் வரி; கேரளத்தில் கட்டிய வரியின் மிச்சத்தை நாமே எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். 2018 வெள்ளத்துக்கு முந்தைய மாடலாக இருந்தால் சீட் தண்டவாளம், டேஷ்போர்டுக்கு அடியிலிருக்கும் ஒயர் கட்டு, ஹெட்லைட்டின் உட்புறம் மூன்றிலும் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சேசிஸ் சோதனை அதற்கும் அதேதான், இன்னும் கடுமையாக.

சுத்தியல் சோதனையில் தோற்ற வண்டியைப் பெயிண்ட் அடித்து அடுத்தவர் தலையில் கட்ட வேண்டாம். அது ஆளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு இறங்கப் போகிற வண்டி. பிரித்து விற்பதென்றால் முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்யுங்கள். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் தனி விலை கிடைக்கும். பம்பும் நாசிலும் நல்ல நிலையில் இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அதே இன்ஜின் ஓடும் தோட்டக்காரர் யாராவது தேடிக்கொண்டு வருவார்.