செகாம்புட்ல காடி இன்ஸ்பெக்‌ஷன்: வித்த பிறகு வந்த சண்டைய தீத்து வெச்ச ரிப்போர்ட்

அஞ்சு ஸ்டார். காரணத்த கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், ஏன்னா கேஎல்ல டீலர் இல்லாம தானே ஃபாஸ்ட் காடி விக்கிற நம்ம பசங்க நிறைய பேரு, அவங்களுக்கு இது கண்டிப்பா தேவப்படும். நான் செகாம்புட்ல இருக்கிற இந்த வொர்க்‌ஷாப்புக்குப் போனது ரிப்பேருக்கு இல்ல, காடிய விக்கிறதுக்கு முன்னாடி முழுசா செக் பண்ணி எழுத்துல வாங்கிக்கத்தான்.

காடி ஹோண்டா சிவிக் டைப் ஆர், எஃப்டி2 மாடல். தெரியாதவங்களுக்கு சொல்றேன், கே20ஏ என்ஜின், 2.0 லிட்டர், டர்போ கெடையாது, 225 குதிரைத்திறன் வர்றது என்ஜின் நிமிஷத்துக்கு 8000 தடவ சுத்தும்போதுதான் (8000 ஆர்பிஎம்), தாண்டக்கூடாத ரெட்லைன் 8400, ஆறு கியர் மேனுவல் மட்டும், ஆட்டோ கியர் வேணும்னா வேற காடி பாக்கணும். இந்த மாதிரி காடி வாங்க வர்றவன் அத மெதுவா ஓட்டறதுக்கு வாங்க மாட்டான், விக்கிற நமக்கும் அது தெரியும். சும்மா ஒரு மைவி மாதிரி சின்ன காடி வித்தா வர்ற பிரச்சன வேற, இதுல வர்ற பிரச்சன வேற. நேத்து வரைக்கும் நல்லா ஓடின என்ஜின் நாளைக்கு ஒரே செகண்டுல போயிடலாம், போனது பழைய ஓனரால போச்சா புது ஓனரால போச்சான்னு அப்புறம் வாயால நிரூபிக்கவே முடியாது.

வாங்குன தம்பி பட்டர்வொர்த். இடிஎஸ் ரயில்ல கேஎல் சென்ட்ரல் வந்து இறங்கினான், நான் நேரா இங்கதான் கூட்டிட்டு வந்தேன். செக் பண்ற காசு 350 வெள்ளி (ரிங்கிட்), ரெண்டு பேரும் பாதி பாதி. புஸ்பாகோம் (வண்டிகள சட்டப்படி செக் பண்ற சென்டர்) போறோம்ல அண்ணே அது போதாதான்னு கேட்டான், நிறைய பேரு அப்படித்தான் நெனைக்கிறாங்க. புஸ்பாகோம் பி5 செக் பண்றது பேரு மாத்துறதுக்கு, சேசிஸ் நம்பர் என்ஜின் நம்பர் கெரான்ல (காடி உரிமைப் பத்திரம்) உள்ளதோட ஒத்துப்போகுதா, காடிய வெட்டி ஒட்டியிருக்கா, டின்ட் சட்டப்படி இருக்கா, அந்த மாதிரி. என்ஜினுக்குள்ள கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டர்ல காத்து அமுங்குற அழுத்தம், எவ்வளவுன்னு அவங்க பாக்கறதில்ல, அது அவங்க வேலையும் இல்ல. அந்த ஸ்லிப்ப காட்டி "புஸ்பாகோம் பாஸ், என்ஜின் டிப்டாப்"னு யாராவது விளம்பரம் போட்டா நம்பாதீங்க.

இங்க ஃபோர்மேன் அண்ணன் செஞ்சத நான் பக்கத்துல நின்னு பாத்தேன். என்ஜின சூடாக்கிட்டு, நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா ஒரு துணியில வெச்சாரு, எது எந்த சிலிண்டர்னு சாக்பீஸ்ல எழுதி. ஃபியூவல் ஃபியூஸ பிடுங்கிட்டு கேஜ போட்டு தம்பிய உள்ள உக்கார வெச்சு ஆக்சிலேட்டர முழுசா மிதிச்சுகிட்டு ஸ்டார்ட் குடுக்க சொன்னாரு. 215, 220, 218, 220 பிஎஸ்ஐ, நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒவ்வொரு நம்பரையும் தம்பி கண்ணால பாத்த பிறகுதான் எழுதினாரு, போட்டோவும் எடுத்தாரு. அடுத்து செயின் கேஸ்ல ஒரு சின்ன மூடி இருக்கு, அத கழட்டி டைமிங் செயின (வால்வுகள பிஸ்டனோட நேரத்துக்கு ஏத்த மாதிரி திறந்து மூட வைக்கிற சங்கிலி) இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் ராட் எவ்வளவு வெளிய நீட்டியிருக்குன்னு அளந்தாரு, செயின் இழுத்து நீண்டுபோனா அந்த ராட்தான் காட்டிக் குடுக்கும். ஆயில் ஃபில்டர வெட்டி விரிச்சு வெளிச்சத்துல பாத்தாரு, மினுமினுன்னு இரும்புத் தூள் ஒண்ணும் இல்ல. மூணாவது கியர் காடி சூடாகிறதுக்கு முன்னாடி லேசா உரசும், அத நானே முதல்ல சொல்லிட்டேன், அதையும் எழுதி தம்பிகிட்ட கையெழுத்து வாங்கிட்டாரு. டயர் வருஷம், பெயின்ட், பிரேக் டிஸ்க் எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கு.

அந்த ரிப்போர்ட்ட பின் பண்ணி நாங்க ஒரு பேப்பர் எழுதினோம், இருக்கிற நெலமையிலயே வாங்கிக்கிறேன், செக் பண்ணி பாத்துட்டேன், இன்னைக்கு மைலேஜ் இவ்வளவு, காடி கைமாறின நேரம் இவ்வளவு, ரெண்டு ஐசி நம்பர், ரெண்டு கையெழுத்து. அப்புறம் சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜேல கைரேகை வெச்சு பேரு மாத்தியாச்சு, காடி கெளம்பிடுச்சு.

சில வாரம் கழிச்சு ராத்திரில போன். "அண்ணே என்ன காடி அண்ணே குடுத்தீங்க". ஈப்போ தாண்டி மெனோரா டன்னல் ஏத்தத்துல என்ஜின் டக்குனு சத்தம் போட்டு பவர் போயிடுச்சாம், டோ பண்ணி அங்க பக்கத்துல ஒரு வொர்க்‌ஷாப்ல விட்டிருக்கான். அங்க இருந்தவங்க திறந்தே பாக்காம "இது பழைய டைமிங் செயின் பிரச்சன, வித்தவன் மறச்சிட்டான்"னு சொல்லிட்டாங்க. மறுநாள் அவன் சித்தப்பா பேசினாரு, மரியாதையாதான் ஆரம்பிச்சாரு, ஆனா முழு காசும் திருப்பிக் குடுக்கணும், இல்லன்னா போலீஸ் ரிப்போர்ட், பயனீட்டாளர் ட்ரிப்யூனல்னு போயிடுச்சு. எனக்கு அந்தப் பையன் மேல கோவம் வரல, நிஜமா. சேத்து வெச்ச காச போட்டு ஆசையா வாங்கின காடி ஹைவேல நின்னுட்டா யாரா இருந்தாலும் பதறத்தான் செய்வாங்க. ஆனா நான் ஏமாத்தினேன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துடுச்சுல்ல, அதத்தான் என்னால தாங்க முடியல.

இங்க சட்டம் என்னன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க, விக்கிறவங்களும் சரி வாங்குறவங்களும் சரி. சேல் ஆஃப் கூட்ஸ் ஆக்ட் 1957, செக்‌ஷன் 16 படி சாமான் நல்ல தரமா இருக்கணும்ங்கிற உத்தரவாதம் தானா வர்றது அந்தச் சாமான வியாபாரமா விக்கிறவங்ககிட்ட வாங்கும்போதுதான். என்ன மாதிரி சொந்தக் காடிய விக்கிற தனி ஆளுக்கு அது தானா ஒட்டிக்காது, வாங்குறவர்தான் பாத்து வாங்கணும். அதுக்காக தனி ஆளு எத வேணா சொல்லி விக்கலாம்னு கெடையாது. காடி என்னோடதா இருக்கணும், விக்க எனக்கு உரிமை இருக்கணும், அது செக்‌ஷன் 14. பொய் சொல்லி வித்தா காண்ட்ராக்ட்ஸ் ஆக்ட் 1950ல செக்‌ஷன் 17, 18 இருக்கு, மோசடியும் தப்பான தகவலும், அப்ப வாங்கினவர் ஒப்பந்தத்த ரத்து பண்ண கேக்கலாம். செக்‌ஷன் 19ல ஒரு விதிவிலக்கும் இருக்கு, தப்பான தகவலா இருந்தாலும் சொல்லாம மறச்சதா இருந்தாலும், வாங்குறவர் சாதாரண கவனத்தோட பாத்தாலே உண்மைய கண்டுபிடிச்சிருக்க முடியும்னா ரத்து பண்ண முடியாது. செக் பண்ண சந்தர்ப்பம் குடுத்தோம், கூட நின்னு பாத்தாங்கன்னு எழுத்துல இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு இதுலயே புரியும்.

ட்ரிப்யூனல் பத்தி நிறைய பேரு தப்பா மிரட்டுறாங்க. ட்ரிப்யூனல் துந்துத்தான் பெங்குனா நல்ல எடம், 5 வெள்ளி கட்டி ஃபாரம் போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், வக்கீல் வேண்டாம். ஆனா அது கடைக்காரர், டீலர் மாதிரி வியாபாரம் பண்றவங்க மேல போடறதுக்கு. தனி ஆளு தனி ஆளுக்கு வித்தது அங்க வராது, அது சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும், காசு அளவப் பொறுத்து மேஜிஸ்ட்ரேட் கோர்ட்டோ செஷன்ஸோ, ஒப்பந்தம் மீறின கேஸுக்கு ஆறு வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. கோர்ட் ஏறினா ரெண்டு பக்கமும் வக்கீலுக்கு அழுற காசுல ஒரு ஹாஃப்கட் (பாதியா வெட்டி விக்கிற பழைய காடி) என்ஜினே வாங்கிடலாம். இதெல்லாம் சித்தப்பாகிட்ட பொறுமையா சொன்னேன், சொல்லிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டேன், காடிய அதே செகாம்புட் வொர்க்‌ஷாப்புக்கு கொண்டு வாங்க, டோ காசுல பாதி நான் தர்றேன், நீங்களும் கூட நில்லுங்க, என்ன வருதோ பாத்துக்கலாம்.

வந்தாங்க. வொர்க்‌ஷாப் தவுக்கே (முதலாளி) சொன்ன முதல் வார்த்தையே, "நான் பாக்கறத எழுதுவேன், யாருக்கு நல்லது யாருக்கு கெட்டதுன்னு என்கிட்ட கேக்காதீங்க". அந்த ஒரு வார்த்தைக்கே நான் இந்த எடத்துக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

கம்ப்ரெஷன் ரெண்டு சிலிண்டர்ல ரொம்ப கீழ போயிடுச்சு. அப்புறம் காத்தடிச்சு லீக் எங்கன்னு பாத்தாங்க, எக்ஸாஸ்ட் பைப்புகிட்ட காது வெச்சா உஸ்ஸுனு காத்து வருது, சித்தப்பாவையே குனிஞ்சு கேக்க சொன்னாரு ஃபோர்மேன் அண்ணன். எக்ஸாஸ்ட் வால்வு வளஞ்சிருக்குன்னு அர்த்தம். சரி செயின் எகிறித்தான வால்வு இடிச்சிருக்கும்னு தம்பி கேட்டான், நியாயமான கேள்விதான். மேல் மூடிய கழட்டி என்ஜின கையால சுத்தி டைமிங் மார்க்க காட்டினாரு, எல்லாம் அதது எடத்துல நேரா நிக்குது. டென்ஷனர் ராட்ட மறுபடி அளந்தா பழைய ரிப்போர்ட்ல இருந்த அதே அளவு. கேமரா வயர உள்ள விட்டா பிஸ்டன் தலையில பிறை மாதிரி வால்வு பட்ட தடம், கம்ப்ரெஷன் சரியா இருக்கிற சிலிண்டர்லயும் லேசா இருக்கு.

செயின் எகிறாம வால்வும் பிஸ்டனும் இடிக்கணும்னா என்ஜின் அளவுக்கு மீறி சுத்தியிருக்கணும், ஸ்பிரிங் வால்வ இழுத்து மூடறதுக்குள்ள பிஸ்டன் மேல வந்துடும். ரெவ் லிமிட்டர் இருக்கேன்னு கேக்கலாம், அது பெட்ரோலத்தான் நிறுத்தும், சக்கரமே கியர் வழியா என்ஜின சுத்த வெச்சா லிமிட்டரால ஒண்ணும் பண்ண முடியாது. அஞ்சுல இருந்து நாலுக்கு இறக்கப் போய் கை ரெண்டுல விழுந்தா அதான் நடக்கும், பசங்க மணி ஷிஃப்ட்னு சொல்றது இதத்தான். இந்தக் காடி கியர் ரேஷியோவுக்கு மணிக்கு 110 கிலோமீட்டர்ல ரெண்டாவது கியர் விழுந்தாலே என்ஜின் பத்தாயிரத்த தொட்டுடும்.

தம்பி கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் அவனே சொன்னான், ஏத்தத்துல லோரிய ஓவர்டேக் பண்ண கியர் இறக்கினேன் அண்ணே, வண்டி ஒரு இழு இழுத்துச்சு, கிளட்ச் மிதிச்சிட்டேன், அதுதான்னு எனக்கு தெரியல. சித்தப்பா எழுந்து வந்து கை குடுத்தாரு. எனக்கு அது போதும். வால்வெல்லாம் இருக்கிற மேல் பாகம், அந்த ஹெட்ட புதுசா வாங்கினா கட்டுப்படியாகாதுன்னு தவுக்கேவே ஹாஃப்கட் கடைக்கு போன் அடிச்சு ஒரு ஹெட் தேடிக் குடுத்தாரு, கூலியும் கொறச்சுக்கிட்டாரு. காடி இப்ப மறுபடி பினாங்கு பாலத்துல ஓடுது.

ரிப்போர்ட் மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அவன் சொல்றது ஒரு வார்த்த, நான் சொல்றது ஒரு வார்த்த, நடுவுல திறந்து பாக்காத ஒரு வொர்க்‌ஷாப்போட பேச்சு. ரெண்டாவது தடவ பாத்தப்ப தடயம் பேசினதுக்குக் காரணமே முதல் தடவ எழுதி வெச்ச நம்பர்தான், ஒப்பிட்டுப் பாக்க அது இல்லன்னா டென்ஷனர் அளவுக்கு ஒரு அர்த்தமும் இருந்திருக்காது. இதே ரிப்போர்ட் அன்னைக்கு கம்ப்ரெஷன் கம்மின்னு காட்டியிருந்தா தம்பி காசு குடுத்திருக்கவே மாட்டான், அதனால விக்கிறவனுக்கு மட்டும்தான் லாபம்னு யாரும் நெனைக்க வேண்டாம்.

கொறன்னு சொன்னா சிலது இருக்கு. பார்க்கிங் ரொம்ப கஷ்டம், ரோட்டோரம் விட்டா சம்மன் வந்துடும். ரிப்போர்ட் பிரிண்ட் மங்கலா வருது, மலாய்லயும் இங்கிலீஷ்லயும் மட்டும்தான் குடுக்குறாங்க, ஆனா ஃபோர்மேன் அண்ணன் தமிழ்ல ஒவ்வொரு வரியா விளக்குவாரு. போட்டோ எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல கேட்டு வாங்கிக்கோங்க, கேக்கலன்னா அனுப்ப மறந்துடுறாங்க. டர்போ காடின்னா பூஸ்ட் லீக் டெஸ்டுக்கு தனி காசு, முன்னாடியே பேசிக்கோங்க. சனிக்கிழம போனா கூட்டம், மத்தியானம் ஆயிடும், வார நாள்ல காலையில போன் பண்ணிட்டு போங்க. விக்கிறவரும் வாங்குறவரும் சேந்தே போங்க, ஒருத்தர் மட்டும் போய் வாங்கிட்டு வர்ற ரிப்போர்ட்ட அடுத்தவர் பின்னாடி நம்ப மாட்டாரு.